ஏணி இறக்காத வெள்ளிக்கிழமை

அடுப்பு இன்னும் மூட்டாத அந்தக் குசினியின் தரையில் இரண்டு பாதங்களின் சூடு இருந்தது.

வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. புதிதாகப் பதித்த சாம்பல் நிறத் தரை, அதன்மேல் வேலையாட்கள் கூட்டாமல் விட்டுப்போன மரத்தூள், வடக்கே எங்கோ எரிகிற காடுகளின் புகையில் வடிந்து யன்னலால் விழுந்த, பால் விடாத பிளேன்ரீ நிற வெளிச்சம், அவ்வளவுதான். ஆனால் கிருபன் கையில் பிடித்திருந்த தெர்மல் கமராவின் சின்னத் திரையில், நீலமாகக் குளிர்ந்து கிடந்த தரையின் நடுவே, அடுப்புக்கு நேர் முன்னால், இரண்டு பாதங்கள் மஞ்சளாகத் தெரிந்தன. சின்னப் பாதங்கள். விரல்களைத் தனித்தனியாக எண்ணலாம். சமைக்கிற ஆள் நிற்கிற மாதிரி அடுப்பைப் பார்த்தபடி நின்றன.

ஒருவர் வெறுங்காலோடு நின்றுவிட்டு நகர்ந்தால் அந்தச் சூடு கொஞ்ச நேரம் தரையில் தங்கும். அது அதிசயம் இல்லை. ஆனால் கிருபன் சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்ரிக் உறை மாட்டியிருந்தான். வீட்டில் இருந்த மற்ற ஆள் மாமாங்கம். எழுபத்தொரு வயது மனிதர், வாசற்கதவடியில் மடக்குக் கதிரையில் தடித்த சொக்ஸோடு இருந்தார். கிருபன் வந்ததிலிருந்து அவர் எழும்பவேயில்லை.

கீழே சுடுதண்ணிக் குழாய் போகும், என்று கிருபன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பத்து வருசமாக வீடு பார்க்கிற தொழில். எதற்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பான். குழாய்க்கு ஏது ஐந்து விரல் என்று கேட்க அங்கே ஆள் இல்லாதது அவனுக்கு வசதியாகப் போய்விட்டது.

“என்ன மகன், குசினி சரியா?” வாசலிலிருந்து மாமாங்கத்தின் குரல் வந்தது.

“ஓம் அங்கிள். சரி.”

திரும்பிப் பார்த்தபோது பாதங்கள் மங்கி மறைந்திருந்தன. தேய்ந்துபோகிற சூட்டைப் பார்த்ததும் அவனுக்கு ஆறுதல்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

காட்டுத்தீ வந்தால் ஒரு வீடு தப்புமா தப்பாதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது கிருபனின் வேலை. இன்சூரன்ஸ்காரர் அனுப்புவார்கள், இவன் தன் வான் வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு போவான். றிச்மண்ட் ஹில்லுக்கும் வடக்கே, வீதி விளக்குகள் முடிந்து பைன் காடு தொடங்குகிற ஓரங்களில் இப்போது எங்கு பார்த்தாலும் புது வீடுகள். சனம் நினைக்கிறது, தீ நடந்து வந்து சுவரைப் பிடிக்கும் என்று. அப்படி இல்லை. தீ அங்கேயே நிற்கும். காற்றுத்தான் தணல் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்து எறியும். அது மழைத்தண்ணி ஓடுகிற கூரைப் பீலியில் கிடக்கிற சருகில் விழலாம், பின்வாசல் பலகைத்தளமான டெக்குக்குக் கீழே அடுக்கிய விறகில் விழலாம். எல்லாவற்றையும் விட மோசம், கூரை விளிம்புக்குக் கீழே கூரைக்கும் அறைக்கும் இடையிலுள்ள அட்டிக்குக்குக் காற்றுப் போக விட்டிருக்கும் ஓட்டைகள். வென்ற் என்பார்கள். அதில் நெருக்கமான கம்பிவலை இருந்தால் தணல் வெளியே விழுந்து அவிந்துவிடும். வலை கிழிந்திருந்தால் உள்ளே போய், கூரைக்கடியில் கிடக்கும் பழைய தாளிலும் மரத்தூசியிலும் படுத்து, ஒன்றிரண்டு மணித்தியாலம் சத்தமே போடாமல் இருந்துவிட்டு, பிறகுதான் எழும்பும்.

ஆகவே ஏணி வைத்து ஏறி வலையைப் பார்க்க வேண்டும். அந்த வேலையில் முக்கால்வாசி அதுதான்.

இதே காணியில் முன்னர் நின்ற வீட்டில் கிருபன் ஏணி வைக்கவில்லை.

அது போன வருசத்துக்கு முதல் வருசம், ஐப்பசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மூன்று வீடு முடித்து, பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தவன், முன்பக்கமும் ஒரு பக்கமும் பார்த்துவிட்டு ஏணியை இறக்கப் போனபோது கனகாம்பிகை கதவைத் திறந்து வெளியே வந்தாள். மட்டக்களப்பு மனிசி. கட்டையான உருவம், நெற்றியில் திருநீறு. “மகன், தமிழா?” என்று ஒரே கேள்விதான். அவன் ஓம் என்று சொல்லி வாய் மூடவில்லை, “அப்ப உள்ளுக்கு வாங்க, சப்பாத்தக் கழட்டுங்க, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வேலையப் பாருங்க” என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலைக்குப் போன வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று கொம்பனியில் சட்டம். ஆனால் எங்கட சனம் கூப்பிட்டு மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சோறு, முருங்கைக்காய்க் கறி, பருப்பு, பொரித்த மிளகாய், தயிர். போதும் போதும் என்று கையை விரித்து மறைத்தாலும் விரல் இடுக்கால் சோறு போட்டாள். அவளுடைய மனுசன் மாமாங்கம் வெள்ளிக்கிழமைகளில் பேவியூ பிள்ளையார் கோயிலுக்குப் போய்விடுவாராம். தனியாக இருந்து சாப்பிட மனம் வராதாம்.

கை கழுவிவிட்டுக் கிருபன் எழும்பினான். “சாப்பிட்ட கையோட ஏணியில ஏறாதீங்க மகன், தலை சுத்தும். கொஞ்சம் இரிங்க, மறுகா பாப்பம்,” என்றாள் அவள். அவன் சோபாவில் இருந்தான். இருந்தவன் நித்திரையாகிவிட்டான். எழும்பும்போது யாரோ கால்வரை ஒரு போர்வை போட்டிருந்தார்கள். மணி இரண்டரை. மூன்றரைக்குப் பிறம்ரனில் அடுத்த வீடு. ஏணியை இறக்கவும் இல்லை, பின்பக்கம் போகவும் இல்லை. அன்று இரவு யூனியன்வில்லில் பார்த்த வேறொரு வீட்டின் வென்ற் படத்தை எடுத்து, நல்ல புது வலை பளபளவென்று இருந்த படம், இந்த வீட்டு றிப்போட்டில் போட்டான். வலை சரி, பின்பக்கம் சரி. நல்ல மனிசி, இன்சூரன்ஸ்காரர் கரைச்சல் குடுக்காமல் இருக்கட்டும் என்று தனக்கு ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டான்.

அடுத்த சித்திரையில், மழை காணாத ஒரு கிழமையின் முடிவில், காட்டோரப் புல்லில் தீப் பிடித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கமே தீயணைப்புக்காரர் அதை அணைத்துவிட்டார்கள். தெருச்சனம் எல்லாம் கை தட்டிவிட்டு உள்ளே போனது. இரண்டு மணித்தியாலம் கழித்து, கனகாம்பிகை மேல்மாடியில் பகல் நித்திரையில் இருக்கும்போது, அவள் தலைக்கு மேலே கூரை எரிந்தது. மாமாங்கம் அன்றைக்கும் கோயிலுக்குப் போயிருந்தார். வீடு முழுக்க இடிந்து விழுந்ததால் காரணம் நிச்சயிக்க முடியவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

கிருபனுக்கு மட்டும் நிச்சயம். அவன் செத்தவீட்டுக்குப் போனான். மூடிய பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மாமாங்கம் அவனுடைய இரண்டு கையையும் பிடித்து, “வந்தீங்களா மகன்” என்று அழுதார். அன்றிலிருந்து கிருபனால் முருங்கைக்காய் தின்ன முடிவதில்லை.

இப்போது அதே காணியில் புது வீடு. நாளைக்குப் பால் காய்ச்சுகிற நாள். நேற்று மாமாங்கமே ரெலிபோன் எடுத்தார். “வேற ஒருத்தரையும் அனுப்ப வேணாம். நீங்க வந்து பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை மகன்.” அதைக் கேட்ட கிருபன் இரவு முழுக்கப் புரண்டான். பக்கத்தில் படுத்திருந்த மனைவி றஜிதா, “என்னப்பா, வயிறு சரியில்லையோ?” என்று கேட்டாள். ஓம் என்றான். இப்போதெல்லாம் பொய் அவனுக்குத் தும்மல் மாதிரி, தன்பாட்டில் வரும்.

குசினியை விட்டு அவன் வெளியே வந்தான். மாமாங்கம் கதிரையை இழுத்துக்கொண்டு ஹோலுக்குள் வந்திருந்தார். அவருடைய காலடியில் ஒரு மட்டைப் பெட்டி, ஒட்டுநாடா பிரிக்காமல்.

“இது என்ன அங்கிள்?”

“குத்துவிளக்கு. நிரூபன் வாங்கிக் கொண்டந்து வச்சிட்டுப் போனான். நாளைக்கு விடிய பிள்ளையளோட வாறானாம். பெட்டியத் திறந்து மினுக்கி வைங்க அப்பா எண்டான். நான் திறக்கல்ல.” அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். “பதினாறு மாசமா நான் விளக்கு ஏத்தல்ல மகன். நெருப்புப்பெட்டியக் கையில எடுத்தா விரல் மடங்குதில்ல.”

புகைக்காக யன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. புது வீட்டுக்கே உரிய பெயின்ற் மணம், பலகை மணம், ஒட்டுப்பசை மணம். அதற்குக் கீழே, மெல்லிசாக, வேறொன்று. அவன் மூக்கை உறிஞ்சினான். வெளிப்புகையாக்கும்.

“அண்டைக்கு நான் கோயிலுக்கு வெளிக்கிடக்குள்ள சாமியறையில விளக்கு ஏத்தி வச்சிட்டுப் போனன்,” என்றார் மாமாங்கம். “அவள் படுத்திட்டாள். அணைச்சுப்போட்டுப் போயிருக்கலாம். போகல்ல. எல்லாரும் வெளித் தணல் வெளித் தணல் எண்டு சொன்னாங்க. நான் சொன்னன், இல்ல, அந்தப் பொடியன் வந்து ஒண்டு ஒண்டாப் பாத்து வெளியில எல்லாம் சரியெண்டு எழுதித் தந்தவன். அப்ப நெருப்பு உள்ளுக்க இருந்துதானே வந்திருக்கோணும்? உள்ளுக்க இருந்தது என்ட விளக்கு.”

கிருபன் கமராவை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

“ஒருத்தர், ஒரே ஒருத்தர், அது விளக்கால இல்ல மாமாங்கம் எண்டு சொன்னாப் போதும். நாளைக்கு நான் ஏத்துவன். நீங்க படிச்சவர், தொழில் தெரிஞ்சவர். சொல்லுங்க மகன். விளக்காலதானா?”

சொல்லிவிடலாம். விளக்கு கீழே, தீ மேலே. ஒரு வரி. அந்த மனிதர் பதினாறு மாதமாகச் சுமக்கிற பாரம் இந்த ஒரு வரியில் இறங்கிவிடும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், மேலே எப்படி வந்தது என்று வரும், படம் வரும், யூனியன்வில் வரும், லைசென்ஸ் போகும், வேலை போகும், வழக்கு வரும், றஜிதா வாசலில் நின்று இவனைப் பார்க்கிற பார்வை வரும். சீ, நானும் ஒரு மனுசனா என்று கிருபனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. அருவருப்போடேயே வாயைத் திறந்தான்.

“சொல்லேலாது அங்கிள். விளக்காயும் இருந்திருக்கலாம்.”

மாமாங்கம் தலையாட்டினார். ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டவர் மாதிரி, மெதுவாக, இரண்டு தரம்.

மேலே ஏதோ உராய்ந்தது.

நிறைந்த சாக்கைப் பலகையில் இழுக்கிற சத்தம், ஒரு அடி தூரத்துக்கு மட்டும். பிறகு நின்றது.

“மேல ஆரும் வேலையாட்கள் நிக்கினமோ அங்கிள்?”

“ஒருத்தரும் இல்ல. நாளைக்கு நல்லநாள் எண்டு நிரூபன் நேத்தே அனுப்பிட்டான். நான் இண்டைக்கு இரவு மேலதான் படுக்கப் போறன். அவன் வேணாம் எண்டான். அவள் படுத்த இடத்தில முதல் இரவு நான் படுக்காம வேற ஆர் படுக்கிற?”

அந்த முகத்துக்கு முன்னால் நிற்பதை விட மேல்மாடி நல்லது என்று கிருபனுக்குத் தோன்றியது. மேல் அறைகளின் கூரைத்தட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியில் கால் வைத்தான்.

கமராவை உயர்த்தாமலே இருந்திருக்கலாம். பழக்கம், கை தானாக உயர்ந்தது. மூன்றாவது படியில் ஒரு வலது பாதம் மஞ்சளாக இருந்தது. ஐந்தாவதில் இடது. படிக்கு முன்னால் நின்று, பின்னால் திரும்பி, மறுபடி முன்னால் பார்த்தான். பலகையில் ஒரு தூசு கலையவில்லை. வார்னிஷ் பூச்சின் மினுக்கத்தில் அவனுடைய முழங்கால் தெரிந்தது. திரையின் மூலையில் எண் ஓடியது. முதற் பாதம் முப்பத்துமூன்று பாகை. அடுத்தது முப்பத்தாறு. ஏழாவது படி நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று என்றால் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய காய்ச்சல், என்று அவனுடைய மனம் வேண்டாத கணக்குப் பார்த்தது. மேற்படியில் இருந்த பாதம் வெள்ளையாக எரிந்தது. ஐம்பத்தெட்டு.

திரும்பிக் கீழே போகலாம். கீழே அவர் இருக்கிறார்.

அவன் ஏறினான்.

மேலே மணம் கூடியது. பெயின்ற்றும் இல்லை, பலகையும் இல்லை. தேங்காயெண்ணெய். தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயும், அதோடு கருகிய மயிரும். வெளியே புகைதான், நாடு முழுக்கப் புகைதான், ரேடியோவில்கூட யன்னலைப் பூட்டுங்கள் என்றுதான் சொல்கிறார்கள் என்று அவன் வாய்க்குள் முணுமுணுத்தான். பாதங்கள் பின்பக்கப் படுக்கையறைக்குள் போயின. அறை வெறுமையாக இருந்தது. ஒரு பாயும் தலையணையும் மட்டும் சுவரோரம் சுருட்டிக் கிடந்தன, மாமாங்கம் இரவுக்குக் கொண்டுவந்து வைத்தவை. பாதங்கள் அறையின் நடுவுக்கு வந்தன. நடுவில் இரண்டும் சேர்ந்து நின்றன. அதற்கு அப்பால் இல்லை.

சுவரடியில் இல்லை. யன்னலடியில் இல்லை. கதவால் திரும்பிப் போகவும் இல்லை.

அவன் கமராவை மெல்ல மேலே தூக்கினான்.

கூரைத்தட்டுக்கு அந்தப் பக்கம், அட்டிக்கில், ஒரு ஆள் குப்புறப் படுத்திருந்தது.

புத்தம்புது வெள்ளைத் தட்டு. வெறுங்கண்ணுக்கு ஒரு கீறல் இல்லை. திரையில் மட்டும் அந்தச் சூடு: தலை, தோள், விரித்த கைகள், மடக்கிய ஒரு கால். கட்டையான உருவம். தட்டில் காது வைத்துக் கேட்கிற மாதிரி தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அறுபத்திரண்டு. அறுபத்தெட்டு.

கிருபன் இடப்பக்கம் ஒரு அடி வைத்தான்.

சாக்கை இழுக்கிற சத்தம். உருவம் இடப்பக்கம் நகர்ந்தது.

அவன் நின்றான். அதுவும் நின்றது.

அவன் மூச்சை அடக்கினான். மேலே மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நீளமான மூச்சு. சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்குகிறவருடைய மூச்சு. தட்டிலிருந்து வெள்ளைத் தூசி கொஞ்சம் உதிர்ந்து அவனுடைய நெற்றியில் விழுந்தது. சுட்டது.

“அன்ரி,” என்றான். ஏன் அப்படிக் கூப்பிட்டான் என்று அவனுக்குத் தெரியாது.

தலை திரும்பியது. திரையில் முகம் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. பிறகு உருவம் முழங்கையால் உன்னி, வேகமாக, மிக வேகமாக, அறையின் மேலால் ஊர்ந்து பின்சுவர்ப் பக்கம் போனது. கூரை விளிம்புக்கு. வென்ற் இருக்கிற பக்கத்துக்கு.

கிருபன் ஓடினான். பாதிப் படிகளில் கால் பட்டதா இல்லையா தெரியாது. கீழே கதிரை வெறுமையாக இருந்தது.

“அங்கிள்!”

பின்கதவு திறந்து கிடந்தது. வெளியே மணி ஆறு இருக்கும். ஆனால் புகையில் சூரியன் எங்கே என்று தெரியவில்லை. பைன் மரங்களின் முன்வரிசை மட்டும் நின்றது, பின்னால் எல்லாம் மஞ்சள். ஒரு குருவிச் சத்தம் இல்லை. மாமாங்கம் வான் வண்டியிலிருந்து ஏணியை அவிழ்த்து, தன்னந்தனியாக இழுத்துக்கொண்டு வந்து, பின்சுவரில் சாத்தி வைத்துக்கொண்டிருந்தார். வேர்த்து, இருமி, மூச்சு வாங்கிக்கொண்டு. ஏணியின் நுனி கூரை விளிம்பில் இருந்தது. வென்ற்றுக்கு நேர் கீழே.

“ஐயோ அங்கிள், அதை விடுங்கோ! ஏன் உந்த வேலை?”

“நீங்க களைச்சுப் போயிருக்கிறீங்க எண்டு நான் எடுத்தன். அண்டைக்கு எந்தப் பக்கத்தால ஏறினீங்க மகன்? இந்தப் பக்கத்தாலயா?”

அவருடைய முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் கிருபனைக் கொன்றது.

“கனகம் சொன்னவ,” என்றார் அவர். “அண்டைக்கு நான் கோயிலால வந்த உடன கேட்டன், இன்சூரன்ஸ்காரன் வந்தானா, வடிவாப் பாத்தானா எண்டு. ‘பாவம் அந்தப் பொடியன், பசியோட வந்தான், ஆனா ஏணி வச்சு ஏறி நாலு பக்கமும் பாத்திட்டுத்தான் போனான்’ எண்டு சொன்னவ. அவள் என்னட்ட ஒருநாளும் பொய் சொன்னதில்ல.”

அவள் பார்த்திருக்கிறாள். அவன் சோபாவில் வாய் பிளந்து தூங்கியதைப் பார்த்து, போர்வை போட்டுவிட்டு, ஏணி இறங்காததையும் பார்த்துவிட்டு, புருசனிடம் அவனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். பொடியனுடைய வேலைக்குக் கரைச்சல் வரக்கூடாது என்று. அவனுடைய பொய்யைத் தன் வாயால் சொல்லி, அந்தப் பொய்க்குக் கீழே போய்ப் படுத்திருக்கிறாள்.

சொல்லு. இப்ப சொல்லு. நாயே, சொல்லு.

“அங்கிள்...”

“ஏறுங்க மகன். நான் பிடிச்சிருக்கன். நீங்க ஏறல்லெண்டா நான் ஏறுவன்.” அவர் உண்மையிலேயே ஒரு காலைக் கீழ்க்கம்பியில் வைத்தார்.

கிருபன் அவரை விலக்கிவிட்டு ஏறினான். வலையைப் பார்த்துவிட்டு இறங்குகிறேன், இறங்கியதும் காலில் விழுந்து சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். அப்படித்தான் நினைத்தான். ஏணி அலுமினியம். நாலாவது கம்பி வெதுவெதுப்பாக இருந்தது. ஏழாவது சுட்டது. கீழே மாமாங்கத்தின் நரைத்த உச்சி தெரிந்தது, இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்த இரண்டு கைகள் தெரிந்தன.

கடைசிக் கம்பி. கூரை விளிம்பு கண்ணுக்கு நேராக வந்தது.

வலை இருந்தது. புது வலை, நெருக்கமான வலை, ஒரு இழை விலகவில்லை.

வலைக்கு அந்தப் பக்கம் இருட்டு.

தேங்காயெண்ணெய் மணம்.

இருட்டு மூச்சு விட்டது.

இல்லை, இப்போதே சொல்லிவிட வேண்டும். இங்கேயே. அவன் கீழே குனிந்து, பதினாறு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததை, முழுப் பலத்தோடும் கத்தினான். விளக்கால இல்ல அங்கிள், நான் ஏறேல்ல, நான் பாக்கேல்ல, நான்தான், நான்தான் அன்ரியை...

ஒரு சத்தமும் வரவில்லை.

வாய் திறந்திருந்தது. நாக்கு அசைந்தது. காற்றுக்கூட வரவில்லை.

“என்ன மகன்?” மாமாங்கம் அண்ணாந்து பார்த்தார். “வலை எப்படி?”

“எல்லாம் பாத்தனான் அங்கிள்,” என்றது கிருபனின் குரல்.

அவனுடைய குரல்தான். அதே யாழ்ப்பாணத்து இழுப்பு, அதே தொண்டைக் கரகரப்பு. ஆனால் அது அவனுடைய முகத்துக்கு முன்னால் இருந்து, வலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்தது.

அவன் மெல்லத் தலையைத் திருப்பினான்.

வலையோடு ஒட்டி ஒரு வாய் இருந்தது. கருகி வெடித்த உதடுகள், கம்பியின் சின்னச் சின்னச் சதுரங்கள் அதில் அழுந்தியிருந்தன. வாய்க்கு மேலே, வெளிச்சம் படாத இடத்தில், இரண்டு கண்கள். அவை கனகாம்பிகையின் கண்கள். கோபம் இல்லை அவற்றில். கெஞ்சல் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று அந்தக் கண்கள் அவனிடம் கெஞ்சின, அந்தத் தலை முடிந்த மட்டும் இடமும் வலமும் அசைந்தது, ஆனாலும் உதடுகள் பிரிந்தன, உள்ளே தணல் சிவந்தது, அவனுடைய குரல் வெளியே வந்தது.

“வெளியில ஒரு பிழையும் இல்லை அங்கிள். அண்டைக்கும் இல்லை. விளக்குத்தான். உங்கட விளக்குத்தான்.”

“தெரியும் மகன்,” என்றார் மாமாங்கம். “எனக்குத் தெரியும்.” அவருடைய கைகள் ஏணியை விட்டன. “நான் மேல போய்க் கொஞ்சம் சரிஞ்சு படுக்கப் போறன். நீங்க பாத்து இறங்குங்க.”

கிருபன் தலையை ஆட்டினான், கையால் சுவரில் அடித்தான், காலால் கம்பியை உதைத்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காதும் அவருக்குக் கொஞ்சம் மந்தம். வயது போன ஆள், தோள் சரிந்து, புது டெக்கின் மேல் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து, பின்கதவைச் சாத்தினார். பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. அவன் இறங்கப் பார்த்தான். வலக்கையின் விரல்கள் வலையோடு இருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து, கம்பியின் ஊடாக, ஏதோ அவற்றைப் பிடித்திருந்தது. இறுக்கமாக இல்லை. சாப்பிட வா என்று கையைப் பிடித்து இழுக்கிற அளவுக்குத்தான். விடவில்லை.

படுக்கையறை யன்னலில் லைற் எரிந்தது. பாயை உதறி விரிக்கிற நிழல் தெரிந்தது. நிழல் குனிந்து, தரையில் கையூன்றி, படுத்து, மறைந்தது.

வாய் நிற்கவில்லை. “பீலி சரி,” என்றது அவனுடைய குரல். “டெக் சரி. பின்பக்கம் சரி. வலை சரி.” ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த உதடுகளுக்கு உள்ளேயிருந்து ஒரு பொறி கழன்று பின்னால் இருட்டுக்குள் விழுந்தது. குளிர் தடுக்க அட்டிக்கில் விரித்திருந்த வெள்ளைப் பஞ்சின் மேல், மாமாங்கம் படுத்திருக்கிற இடத்துக்கு நேர் மேலே, ஒன்று ஒன்றாக விழுந்து, அவியாமல் கிடந்தது. கனகாம்பிகையின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து, கன்னத்தை எட்டும் முன்னர் ஆவியாகிப் போனது. கிருபன் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

“எல்லாம் நான் பாத்தனான்,” என்றது வாய்.